பெட்டியில் இருந்த கம்பளிகள்

ஊரில் அவளுக்குத் தாராளக் கை என்று பெயர். வாசலில் யார் வந்து நின்றாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். மிஞ்சின சோறோ, சாயம் போன துணியோ, ஏதாவது எடுத்துக் கொடுத்துவிட்டு அன்றைக்கெல்லாம் மனசு குளிர்ந்து திரிவாள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்து அந்தக் குளிர் நாட்டுக்குப் போனபோதும் அந்தப் பெயரைக் கையோடுதான் கொண்டுபோனாள்.

அது ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி. அங்கே எல்லோருக்கும் அவள் படக்காரி. ஊழியர் குடியிருப்பில் அவள் அறைக்கும், வராந்தா பெருக்குகிற அக்காவின் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் தீக்குச்சி கிழித்தால் அந்தப் பக்கம் கேட்கும். அக்காவின் புருஷன் கல்லுடைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். விடிந்தது தெரியாவிட்டாலும் அவர் இருமுவது தெரியும்.

படக்காரி அந்த அக்காவுக்கும் கொடுத்தாள். நைந்த சால்வை, பாதி தேய்ந்த சோப்பு, அடி கழன்ற செருப்பு. அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். சிரிக்கமாட்டாள்.

குளிர்காலத்தில் படக்காரி காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். இரண்டாம் நாள் கண் விழித்தபோது மேலே கனமாக, சொரசொரவென்று ஒரு கம்பளி கிடந்தது. புகை வாடை. அது கொடியில் காய்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! அக்கா வீட்டில் இருந்த கம்பளியே அது ஒன்றுதான். சுவருக்கு அப்பால் இருமல் வரும்போதெல்லாம் அவர் போர்த்தியிருந்த சாக்கு சரசரக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது.

பக்கத்தில் அக்கா கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இது உங்களோடதுதானே? அவருக்கு வேணாமா?"

"அவருக்குக் குளிர் பழகிப்போச்சு. நீ எங்கேருந்தோ வந்த பொண்ணு. பேசாம தூங்கு."

கட்டிலுக்கு அடியில் படக்காரியின் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாங்கிவைத்த இரண்டு புதுக் கம்பளிகள், உறைகூடப் பிரிக்காமல். 'அந்தப் பெட்டியைத் திறங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் திறந்தால் அக்கா பார்ப்பாள். இதை வைத்துக்கொண்டா எனக்கு நைந்த சால்வையைக் கொடுத்தாய் என்று கேட்கமாட்டாள், நினைப்பாள். படக்காரி புகை வாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நல்ல கதகதப்பான தூக்கம். அந்தத் தூக்கம்தான் பிறகு அவளை விடவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் கம்பளியை மடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அக்காவின் புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்தது அவள்தான். அவர் தோளைப் பிடித்துத் தகட்டோடு சேர்த்து நிறுத்தினாள். தோள் சில்லென்று இருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். அவரால் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

டாக்டரிடம் மட்டும் கம்பளி விஷயத்தைச் சொன்னாள். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த நெஞ்சு எப்பவோ போயிடுச்சும்மா. ரெண்டு மூணு நாள் குளிர்ல என்ன ஆகப்போகுது?" என்றார். படத்தைக் கீழே வைத்துவிட்டு, "நிச்சயமா யாரால சொல்ல முடியும்?" என்றார்.

காரியமெல்லாம் முடிந்தபின் படக்காரி இரண்டு கம்பளிகளையும் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தாள்.

"புதுசா இருக்கே. எப்ப வாங்கினே?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். "முன்னாடியே வாங்கினதுக்கா."

கம்பளியைத் தடவிய கை நின்றது. பிறகு அக்கா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவள் பக்கம் தள்ளினாள். "எனக்கு ஒண்ணு போதும். உனக்குத்தான் குளிர் ஆகாதே."

அவ்வளவுதான். வாய் நிறையத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினாள். செங்கல் சுவர் வீடு. பக்கத்தில் ஆளே இல்லை. இருந்தும் படுத்தால் காது சுவருக்குப் போய்விடும். சரசரவென்று சாக்கு புரளும். வாசலில் யாராவது வந்து நின்றால், பழையதை எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிடும். "வெளிநாடு போய்வந்து கையை இறுக்கிட்டா" என்று அண்ணி எல்லோரிடமும் சொன்னாள்.

அந்தக் கோடையில் எதிர்வீட்டுக் காவல்காரரின் மனைவி பிள்ளை பெற்று வந்தாள். தகரக் கொட்டகையில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே இருந்தது. படக்காரி தன் அறையில் ஓடிக்கொண்டிருந்த மேசை ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "பரண்ல பழசு ஒண்ணு கிடக்குதே, அதைக் குடுத்தா என்ன?"

"அது சரியா ஓடாது அண்ணி."

"சரி, இந்த வெக்கையில நீ என்ன பண்ணுவே? கொடுத்ததுல இப்ப உனக்குச் சந்தோஷம்தானா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல அண்ணி" என்றாள். பிறகு போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.