வெள்ளை வேனின் பிரேக்

தம்பி கோபித்துக்கொண்டு பச்சை வேனோடு வீட்டை விட்டுப் போன மறுநாள் காலை, கொட்டகையில் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்த வெள்ளை வேனின் சக்கரங்கள் நான்கும் தாமாகச் சுழல ஆரம்பித்தன. சாவி ஆணியில் தொங்கியது. பேட்டரி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. இரவெல்லாம் கண் மூடாத அக்கா கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். "அப்பாடா, உசுரோடதான் இருக்கான், கிளம்பிட்டான்" என்று கணவரிடம் சொன்னாள். அவரும் சக்கரத்தைப் பார்த்து, "நிதானமாத்தான் ஓட்டுறான்" என்றார்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஐந்து வேன்கள் அந்தக் குடும்பத்துக்கு. ஐந்தும் அக்காவின் கல்யாணத்துக்கு முந்தியவை. வெளி மெக்கானிக் கை வைத்தால் வண்டிக்கு உடம்பு கூசும் என்பது அவள் கட்சி. அதனால் எல்லா வேலையும் கொட்டகையிலேயே நடந்தது. அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கை நீட்டினால், கேட்காமலே சரியான ஸ்பானரைத் தம்பி கையில் வைப்பான். மூன்று வண்டிகள் வேறு கம்பெனி, அவற்றின் சாமான் மற்றவற்றுக்குச் சேராது. வெள்ளையும் பச்சையும் மட்டும் ஒரே அச்சு. ஆகவே இதில் கெட்டுப்போனதை அதிலிருந்து எடுத்தார்கள், அதில் தேய்ந்ததை இதிலிருந்து எடுத்தார்கள். கதவு, டைனமோ, கியர் பெட்டி, பாதி சீட்டுகள் என்று வருஷக்கணக்கில் மாறி மாறிப் போய், கடைசியில் எது எந்த வண்டி என்பதைப் பெயிண்ட்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு உடம்பு, ஒரே வண்டி என்று அக்கா வேடிக்கையாகச் சொல்வாள். வண்டிகள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

சண்டை பழைய சண்டைதான். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுப் புது வண்டி ஒன்று எடுப்போம் என்றான் தம்பி. "மொதல்ல உன்னை எடைக்குப் போடணும்டா" என்றாள் அக்கா. வார்த்தை தடித்தது. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் எழுந்து போய் வண்டியைக் கிளப்பினான். அவன் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. முந்தைய நாள்தான் பச்சையின் நல்ல பிரேக் ஷூக்களைக் கழற்றி வெள்ளைக்கு மாட்டியிருந்தாள். வாசலில் முன்னே பின்னே நகர்த்த மட்டும் போதுமென்று, வெள்ளையின் தேய்ந்த ஷூக்களைப் பச்சையில் வைத்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. போன் போட்டாள், வெட்டினான். மறுபடி போட்டாள், அணைத்தே வைத்துவிட்டான். ரோஷத்தில் அக்காவுக்குத் தப்பாத தம்பி.

ஆக, அவள் வெள்ளை வேனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள், வேறு என்ன செய்வது? வெயில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் கண்ணாடி நனைந்தது, வைப்பர் அசைந்தது. எங்கேயோ மழை. பிறகு, கொட்டகைப் பக்கம் எந்த மரத்திலும் இல்லாத, ஊசி போன்ற இலைகள் வைப்பரில் வந்து சிக்கின. குளிர்ந்த காற்று பின் சீட்டிலிருந்து வீசியது. மலை ஏறுகிறான் பாவி என்று மறுபடி போன் போட்டாள், அணைந்தே கிடந்தது. கணவர் மற்ற வண்டிகளில் ஒன்றோடு தொழிற்சாலைக்குப் போயிருந்தார். சத்தம் போட்டுக் கூப்பிடவும் ஆளில்லை.

மதியம் வேனின் மூக்கு மெல்லக் கீழே சாய்ந்தது. சக்கரங்கள் வேகம் பிடித்தன. பிரேக் மிதி தானாகத் தரைவரை அழுந்தி எழுந்தது, அழுந்தியது, எழுந்தது. அங்கே அவன் மிதித்துப் பார்க்கிறான், பிடிக்கவில்லை. "ஐயோ, என் ராசா" என்று அலறியபடி ஏறி உட்கார்ந்த அக்கா, ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்தாள். நல்ல ஷூக்கள் கவ்வின. கொட்டகை முழுக்கக் கருகல் நாற்றம், ரப்பர் புகை. காலை எடுக்கவில்லை. சக்கரங்கள் முனகிக்கொண்டே நின்றன.

போன் அடித்தது.

"அக்கா, வண்டி நின்னுடுச்சு" என்றான் தம்பி.

"எனக்குத் தெரியாதா? என் காலு மரத்துப்போச்சு. எடுக்கட்டுமா?"

"எடுத்துடாதக்கா! இரு, டயருக்குக் கல்லு வெச்சுட்டுச் சொல்றேன்."

அவன் கல் தேடி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தபடியே இருந்தாள். வைத்துவிட்டேன் என்று அவன் சொன்னதும்தான் அழுகை வந்தது. "ஷூவைக் கழட்டினது நான்தான்டா, சொல்லாம விட்டுட்டேன்" என்றாள்.

"தெரியும். மொத திருப்பத்துலயே தெரிஞ்சுது. திரும்பி வர ரோஷம் விடல."

அவன் ஊர் திரும்பவில்லை. அந்த மலையூரிலேயே பச்சை வேனுக்கு ஓட்டம் கிடைத்தது, பிறகு ஒரு பெண்ணும் கிடைத்தாள். அங்கேயே புது பிரேக் ஷூ போட்டாயிற்று, இனிமேல் யாரும் மிதிக்க வேண்டாம் என்று போனில் சொன்னான். சரி சரி என்று கேட்டுக்கொண்டாள் அக்கா. ஆனாலும் தினம் மதியம் வெள்ளை வேன் மூக்கைச் சாய்க்கும் நேரத்தில், வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் போய் உட்கார்ந்து மிதியின் மேல் காலை வைத்தார்கள். கணவர் ஓய்வாக இருக்கும் நாட்களில் சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துக்கொண்டு ஏறினார். வண்டி அடிவாரம் சேர்ந்து நிமிர்ந்ததும் இறங்கிக் கை கழுவினார்.