ஐஸ் கட்டிய காயில்

ஏணியின் மேல்படியில் நின்று இனாயத் டார்ச் அடித்துப் பார்த்தான். குளிரூட்டும் காயிலின் குழாயும் தகடுகளும் தெரியவில்லை. சுண்ணாம்புச் சுவர் மாதிரி பனி மூடியிருந்தது. ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. மைனஸ் இருபதில் இருக்க வேண்டிய ஐஸ்கிரீம் அறை மைனஸ் ஒன்பதில் நின்றது.

வெளியே வந்து சூப்பர்வைசர் ஆனந்தகுமாரிடம் சொன்னான். இருவரும் இந்தத் திருவான்மியூர் குடோனில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"மச்சி, ஐஸைக் கரைக்கிற ஹீட்டர் எரிஞ்சு பத்து நாளாவுது. காயில் ஃபுல்லா ஐஸ் கட்டிக்கினு கீது. சரக்கை மாத்திட்டு ரூமை ஆஃப் பண்ணணும்."

"மே மாசத்துல எவன்டா எடம் குடுப்பான்? ஸ்க்ரூடிரைவரை வெச்சு தட்டி எடு."

"குழா ஓட்டையாயிடும்டா."

"ஓட்டையானா நான் பாத்துக்கிறேன். சார்கிட்ட நான் பேசிக்கிறேன், போ."

தட்டினான். பாளம் பாளமாகப் பனி விழுந்தது. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போய், எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை. சாயங்காலம் 'உஸ்' என்று சத்தம் கேட்டது. எண்ணெய் நாற்றத்தோடு, குழாயிலிருந்த குளிரூட்டும் கேஸ் முழுக்க வெளியேறியது.

மறுநாள் காலை முதலாளி விஜயராகவன் வந்தபோது ஐஸ்கிரீம் உருகி அட்டைப்பெட்டிகள் ஊறிக் குழைந்திருந்தன.

"யார் தட்டச் சொன்னது?"

இனாயத் ஆனந்தகுமாரைப் பார்த்தான். அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

"தண்ணி ஊத்திக் கரைக்கத்தான் சார் சொன்னேன்" என்றான் ஆனந்தகுமார். "ஆபரேட்டர்தான் அவசரப்பட்டுட்டாரு."

இத்தனை வருஷத்தில் அவன் இனாயத்தை 'ஆபரேட்டர்' என்றதில்லை.

"சார், இவன்தான்..."

"முதல்ல இதையெல்லாம் வெளிய எடுத்துப் போடு. அப்புறம் பேசலாம்" என்று விஜயராகவன் நடந்துவிட்டார்.

இனாயத் பெட்டிகளைத் தூக்கினான். தூக்கும்போதே அடிப்பக்கம் கிழிந்து, ரோஸ் நிறப் பால் முழங்கை வரை வழிந்தது. சாப்பாட்டு நேரம் கழிந்து ஆனந்தகுமார் டீயோடு வந்தான்.

"கோவிச்சுக்காத மச்சி. அவரு முன்னாடி வேற இன்னா சொல்றது? ரெண்டு நாள்ல ஆறிடுவாரு. ஒரு பெட்டி பாக்கி இல்லாம எடுத்துட்டு வீட்டுக்குப் போ."

இனாயத் டீயை வாங்கிக்கொண்டான்.

கடைசிப் பெட்டியையும் போட்டுவிட்டு, தரையைக் கழுவித் தள்ளிவிட்டு, ஆறு மணிக்கு கேட்டுக்கு வந்தான். விரல்ரேகை மெஷினில் விரலை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. விரல் பிசுக்காக இருக்கிறது என்று சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். சிவப்பு.

காவலாளி ஜவஹர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எடுக்காது தம்பி. ஆனந்த் சார் மத்தியானமே வந்து மெஷின்லேர்ந்து உன் பேரை எடுத்துட்டாரு. நீ சாமான் தூக்கிக்கினு இருந்தே, அதான் நான் ஒண்ணும் சொல்லல."

இனாயத் இன்னொரு தரம் விரலைத் துடைத்து, மெஷினில் அழுத்தி வைத்தான்.