விலகினார் என்று எழுதமாட்டேன்

ரெஷ்மாவுக்குக் கால்பந்து தெரியும். பொழியூர்க் கடற்கரையில் பிறந்த எவருக்குத்தான் தெரியாது? ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து, வெளிநாட்டவர்களுக்கு எழுத்து வேலை செய்து தரும் நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் பழக்கமானது. டெல்பரோ ஹாமர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு நூற்றாண்டு மலர். பழைய செய்தித்தாள்களைப் படித்து அணியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும். எட்டு மாதமாக அதுதான் அவள் பாடு. எந்த வருடம் சேற்றில் ஆடித் தோற்றார்கள், எந்த வருடம் மைதானம் எரிந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

1933-ஆம் வருட அணிப் படத்தில் வால்டர் பீட்ஸ் நின்றார். அணியின் ஒரே கறுப்பு ஆட்டக்காரர்; அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. அடுத்த வருடப் படத்தில் ஆள் இல்லை. 'அணியிலிருந்து விலகினார்' என்றது பழைய மலர் ஒன்று. ரெஷ்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. தேடித் தேடி, அணியின் ஊர்ப் பத்திரிகை ஒன்றின் மூலையில் அவர் கடிதத்தைப் பிடித்தாள்: 'நான் விலகவில்லை. கறுப்பர்கள் இனி வேண்டாம் என்று அணி முதலாளிகள் பேசி முடித்துவிட்டார்கள்.' பிறகு பன்னிரண்டு வருடம் அணியில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. அப்படியே எழுதி அனுப்பினாள்.

'விலகினார்' என்று மாற்றும்படி அணியின் மலர்க் குழுவிடமிருந்து திருத்தம் வந்தது.

மேலாளர் ஜெயச்சந்திரன் தன்மையான மனிதர்தான். "கொண்டாட்ட மலராக்கும் மக்கா. அவங்க கேக்குத மாதிரி எழுதிக் குடு. ஒனக்க பேரா அதுல வரப்போவுது?"

"அந்த ஆளுக்க பேரு வருதே சாரே. பொய் எழுத எனக்கு ஒக்காது."

அன்று மாலை மலர்க் குழுவோடு காணொளிக் கூட்டம். ஜெயச்சந்திரன் பேசுவார், அவள் குறிப்பெடுப்பாள் என்பது ஏற்பாடு. "அந்த வரியை மாற்றிவிடுகிறோம்" என்று அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததுமே ரெஷ்மா மைக்கைத் திறந்தாள்.

"மாற்றமாட்டேன். அவர் போகவில்லை, நீங்கள்தான் அனுப்பினீர்கள்."

யாரும் கேட்காமலேயே கடிதத்தை வாசித்தாள். விளம்பரதாரர்கள் முகம் சுளிப்பார்கள் என்றான் ஒருவன். "சுளிக்கட்டும்" என்றாள்.

குழுத் தலைவி வயதான பெண். "பேசி முடித்த முதலாளிகளில் என் தாத்தாவும் ஒருவர். வரி இருக்கட்டும். கடிதத்தையும் அச்சிடுங்கள்" என்றாள்.

திரை அணைந்தது. ஜெயச்சந்திரனின் முகம் சிவந்திருந்தது.

"ஜெயிச்சே. சரி. நாளை முதல் ஆஸ்பத்திரிக் குறிப்பு அடிக்கிற செக்சனுக்குப் போ. என்னைத் தாண்டிப் பேசுற ஆளு எனக்கு வேண்டாம்."

"போறேன் சாரே. அங்கயும் உள்ளதைத்தான் அடிப்பேன்."

பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அம்மா அல்போன்சம்மா போனில் கூப்பிட்டாள்.

"என்னட்டி தாமசம்?"

"ஒரு சண்டை அம்மா."

"தோத்தியா?"

"ஜெயிச்சேன். அதுக்கு வேலையை மாத்திப்போட்டாவ."

"மாத்தட்டு. நீ வா, மீன்கறி ஆறுது."