ஒக்புன் வீட்டு அடுப்படிக் கல்

அந்த வருடம் டிசம்பர் மூன்றாம் தேதியிலிருந்து பாய்லர் மேஸ்திரி பியோ தோக்கியைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப் பனி நிற்கவில்லை. நடந்தால் நடந்த இடமெல்லாம் உருகித் தார் தெரியும். நின்றால் காலடி மண்ணில் ஆவி பறக்கும். அதே வாரம் கோஸ் விலை ஏறியிருந்ததால் ஊரில் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. பூனைகள்தான் முதலில் கண்டுகொண்டன. ஏழெட்டுப் பூனைகள் அவர் பின்னாலேயே அலைந்தன. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஹீட்டர் என்றைக்குமே வேலை செய்ததில்லை என்பதால், டிரைவர் முன் சீட்டை அவருக்கென்று ஒதுக்கிவிட்டார். மனைவி கில்ஜாவுக்குத்தான் கஷ்டம். அவர் பக்கத்தில் இருந்த கிம்ச்சி, அதாவது கோஸ் ஊறுகாய், ஜாடியெல்லாம் இரண்டே நாளில் புளித்துப் பொங்கியது. "ஏங்க, அந்தப் பக்கம் போய் நில்லுங்க, ஜாடி வெடிச்சிடப் போகுது" என்று விரட்டுவாள். ஊரே பொறாமைப்பட்டது. பியோ மட்டும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சூடு யார் வீட்டுச் சொத்து என்று அவருக்குத் தெரியும்.

அது மா ஒக்புன் வீட்டுச் சூடு. அதுவரை நாங்கள் எல்லாரும் அடுப்பில் கரிக்கட்டி போட்டு, புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் ஓடவிட்டுத்தான் குளிரைக் கழித்தோம். அடுப்பை ஒட்டிய கல் சுடும், எதிர்ச் சுவரோரம் பல் கிட்டும். சுரங்கத்தை மூடப்போகிறார்கள், இனி கரி கிடைக்காது என்றானதும் கல்லைப் பெயர்த்துவிட்டு வெந்நீர்க் குழாயும் எண்ணெய் பாய்லரும் போடக் கிளம்பினோம். ஒக்புன் அக்காவும் சம்மதித்தாள், ஒரே நிபந்தனையோடு. அடுப்பை ஒட்டிய கல்லைத் தொடக் கூடாது. பதினோரு வருடமாகத் தினமும் அதன்மேல்தான் வெண்கலக் கிண்ணத்தில் சோறு போட்டு மூடி, ரஜாய் போர்த்தி வைத்திருந்தாள், மகன் கியூசிக்குக்காக. பதினெட்டு வயதில் அவன் பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த ஒரு நாள், "எங்க சுத்தினியோ அங்கயே போய்த் தின்னு" என்று தட்டைப் பிடுங்கிவிட்டாள். பிள்ளை பசியோடு படியிறங்கிப் போனவன் திரும்பவே இல்லை. எப்போது வந்தாலும் அவனுக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

"தலையே போனாலும் அந்தக் கல்லு இருக்கும்க்கா" என்றார் பியோ. மனதாரத்தான் சொன்னார். ஆனால் கல் குழாய்த் தளத்தைவிட இரண்டு விரல் உயரம். அதைச் சுற்றிக் குழாயை வளைக்க அரை நாள் பிடிக்கும், டிசம்பர் மூன்றாம் தேதியான அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. பக்கத்து வீட்டுக்குக் கிம்ச்சிக் கோஸில் உப்புப் போட அக்கா போயிருந்த நேரம் பார்த்து, சம்மட்டியால் நாலே அடி. சிமெண்ட் பூசி மெழுகிவிட்டார். வந்தவள் கேட்டதற்கு, "அடியில பத்திரமா இருக்குக்கா" என்றார்.

புதுத் தரை மூலைக்கு மூலை ஒரே சீராகச் சுட்டது, கல் இருந்த இடம் தவிர. அங்கே வெண்பனி பூத்தது. சோறு உறைந்து கிண்ணத்து மூடியோடு ஒட்டிக்கொண்டது. பியோ மூன்று தடவை வந்து குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினார், பம்ப்பை மாற்றினார், காசு வாங்கவில்லை. அந்த மூலைப் பக்கம் மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டு யூனே, "கரண்ட் குக்கர்ல வையேன்க்கா, ரெண்டு நாளானாலும் ஆறாது" என்றாள். "அது யாரு வந்தாலும் சுடச்சுடக் குடுக்கும்டி. இது அவனுக்குன்னு வச்சது" என்ற அக்கா தரையைத் தடவிப் பார்த்தாள். "அவன் வரமாட்டான்னு தரைக்குத் தெரிஞ்சுபோச்சு. விரட்டினது நான்தானே." வெளித்தாழ்வாரத்தில் பாய்லர் முன் குனிந்திருந்த பியோவுக்கு அது கேட்டது. பாவி மனுஷன், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஸ்பானரை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

ஜனவரியில், அக்கா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள் என்று யூனே சொன்னாள். பியோ பாதி மாட்டிய குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். செருப்பைக் கழற்றி நேராக அந்த மூலையில் போய் நின்றார். வெண்பனி உருகி அவர் காலுறை நனைந்தது. "அக்கா, அடியில கல்லு இல்ல. நான்தான் உடைச்சேன். தரைக்கு ஒண்ணும் தெரியாது." அக்கா குனிந்து அவர் காலடியில் உருகிய ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "உன் கை விளங்குமாடா?" "விளங்காதுக்கா." "உடைச்சவன் நீதானே. நீயே கல்லா உட்காரு" என்று கிண்ணத்தை நிமிர்த்தினாள்.

உட்கார்ந்தார். தினமும் வேலை முடிந்ததும் வந்து, மடியில் கிண்ணத்தை வைத்து ரஜாயைப் போர்த்திக்கொள்வார். பாய்லர் பழுதென்றால் சாயங்காலத்தில் ஒக்புன் வீட்டுக்குத்தான் போன் பண்ண வேண்டும் என்று ஊர் பழகிவிட்டது. கில்ஜா பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிடுவாள். இப்படி ஆறு குளிர்காலம் போயிற்று. ஏழாவதில் அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கடைசியாக, "ஆறவிட்டுடாத" என்றாள். பியோ கிண்ணத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், மாலை தவறாமல் சோறு போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

மேலும் மூன்று வருடம் கழித்து, நரை ஓடிய ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கி, பூட்டிக் கிடந்த ஒக்புன் வீட்டைப் பார்த்துவிட்டுக் கடையில் விசாரித்தான். பனியில் உருகிக் கிடந்த காலடிகளைக் காட்டி, அதன் பின்னாலேயே போகச் சொன்னார்கள். போனான். ரஜாய்க்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான்.

"உங்க வீட்டுக் கல்லுப்பா" என்று கிண்ணத்தை நீட்டிய பியோ, உடைத்ததை ஒளிக்காமல் சொன்னார். "உன்னைப் பசியோட விரட்டிட்டேன்னு சொல்லிச் சொல்லியே உங்கம்மா போயிட்டாங்க."

கியூசிக் மூடியைத் திறந்தான். ஆவி முகத்தில் அடித்தது. "நான் பசியோட போகல" என்றான். "அன்னைக்குக் கூட்டாளி வீட்டுல வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுதான் வந்தேன். ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதல." அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றான். பியோவும் அழுதார். கில்ஜா இரண்டு பேருக்கும் தண்ணீர் வைத்தாள்.

அவன் கிளம்பியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்த பியோவின் பூட்ஸில் பனி விழுந்து, உருகாமல் அப்படியே கிடந்தது. பூனைகள் எழுந்து கியூசிக்கின் பின்னால் போயின. அவன் நடந்த இடமெல்லாம் தார் தெரிந்தது. டிரைவர் அவன் காலடியை ஒரு முறை பார்த்தார், முன் சீட்டைத் தட்டிக் காட்டி, "தம்பி, இப்படி வந்து உட்காருங்க, ஹீட்டர் வேலை செய்யாது" என்றார். கில்ஜா பெட்டியைத் துழாவி, பத்து வருடத்துக்கு முந்தைய கம்பளிக் காலுறையை எடுத்துப் பியோவிடம் கொடுத்தாள்.