வலது பக்கச் சக்கரங்கள்

பனி கொட்டத் தொடங்கிவிட்டால் ஹாலர் கணவாயில் லாரிக்காரர்களுக்கும் சங்கிலிச் சோதனைக்காரர்களுக்கும் ஏழாம் பொருத்தம்தான். சட்டம் என்னவோ எளிமையானது. சாலையோரப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால், பனியில் வழுக்காமல் இருக்க லாரியின் பின் சக்கரங்களுக்கும் அது இழுத்து வரும் டிரெய்லருக்கும் இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி மாட்டியாக வேண்டும். மாட்டாத வண்டி மலையேறக் கூடாது. ஆனால் பனிச் சகதியில் மண்டியிட்டு, விறைத்த விரல்களால் அந்தக் கனத்தைச் சக்கரத்தின் மேல் இழுத்துப் போட்டுக் கொக்கி மாட்டுகிறவனிடம் போய் எளிமை என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான்.

ஆகவே சிலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். சோதனை செய்கிறவர் ஓட்டுநரின் ஜன்னலோரம், அதாவது அந்த நாட்டு வழக்கப்படி இடது பக்கம் நிற்பார். வலது பக்கம், பனி ஒதுக்கும் வண்டி தள்ளிவிட்டுப் போன பனி இடுப்பளவு குவிந்து கிடக்கும். அதில் கால் புதையப் புதையச் சுற்றிப் போய்ப் பார்க்க யாருக்குத் தலையெழுத்து? அதனால் இடது பக்கம் மட்டும் சங்கிலியை மாட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த வித்தையை மார்லிஸுக்குச் சொன்னதே அவள் புருஷன் வெர்லின்தான். சில வருஷங்களுக்கு முன்னால், குடும்பமே கூடும் நன்றி சொல்லும் நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே மச்சினர்களிடம் பெருமையடித்தான். "வலது பக்கம் எவன்டா வந்து பாக்கப் போறான்? பாதி வேலை, முழு சம்பளம்!" மேசையே அதிரச் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். அப்போது அவள் சாலைத் துறை வேலையில் சேர்ந்திருக்கவில்லை. சேர்ந்து, இதே கணவாயில் சங்கிலிச் சோதனைக்கு நின்ற பிறகு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அன்று காலையில் வெர்லின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வீங்கிய முட்டிக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். மாட்டுத்தீவனம் ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்ட வேண்டிய நாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி மண்டி போட்டு செயின் மாட்டப் போற?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"மேல நிக்கிறது நீதானே? பொண்டாட்டி அங்க இருக்கறப்போ செயின் எதுக்கு?"

"விளையாடாத வெர்லின். மாட்டாம வந்தா திருப்பி அனுப்பிடுவேன், ஆமா."

"அனுப்பு தாயே, அனுப்பு. அப்புறம் ராத்திரி சூப்பை நீயே வச்சுக் குடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் நிஜம் இருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் சில சமயம் அவன் எதை விளையாட்டாகச் சொல்கிறான், எதை வினையாகச் சொல்கிறான் என்று அவளுக்குப் பிடிபடுவதில்லை.

மத்தியானம் பனி அடர்ந்து இறங்கியது. லாரிகள் அடிவாரம் வரை வரிசை கட்டி நின்றன. தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்குவது கூட வேலை பார்க்கும் ட்யூயி. சக்கரங்களைப் பார்த்துக் கை காட்டுவது மார்லிஸ். வெர்லினின் பச்சை லாரி வந்து நின்றது. இடது பக்கம் எல்லாச் சக்கரத்திலும் சங்கிலி கச்சிதமாக இறுகியிருந்தது. வழக்கமான கண்ணுக்கு அதுவே போதும்.

"என்ன மேடம், போகலாமா?" என்று கண்ணடித்தான்.

"வலது பக்கம் மாட்டியிருக்கியா?"

அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "மாட்டியிருக்கேன்."

"நிஜமாவா?"

"மார்லிஸ், நான் சொன்னா போதாதா?"

பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் வேறு எவனோ ஓட்டுநர் குரல் கொடுத்தான்: "டேய் வெர்லின், வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கக் கூடாதா? எங்களுக்கும் வேலையிருக்குப்பா!" தொடர்ந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் காதிலும் விழுந்தது.

அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, பனிக் குவியலில் இறங்கினாள். பூட்ஸுக்குள் பனி புகுந்தது. வலது பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். எல்லாச் சக்கரத்திலும் சங்கிலி இருந்தது. கொக்கிகள் ஒழுங்காக விழுந்திருந்தன. இறுக்கும் ரப்பர் வளையங்கள்கூட இடது பக்கத்தைவிட நேர்த்தியாக இருந்தன. வீங்கிய முட்டியோடு இத்தனையையும் ஒற்றை ஆளாக மாட்டியிருக்கிறான், பாவி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

திரும்பி ஜன்னலுக்கு வந்தாள். "சரி, போ."

"பாத்தாச்சா? திருப்தியா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டான். பச்சை லாரி சங்கிலி கலகலக்க மேட்டில் ஏறிப் பனிக்குள் மறைந்தது.

அடுத்து வந்தது ஒரு சிவப்பு லாரி. ஓட்டுநர் நல்ல தாட்டியான ஆள், வாய் காதுவரை நீளம். அங்கே நடந்த எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். "என்ன மேடம், கட்டின புருஷனுக்கே இந்தக் கதின்னா எனக்கு என்ன? இறங்கி ரெண்டு கையையும் தூக்கணுமா?"

ட்யூயிகூடச் சிரித்துவிட்டான். மார்லிஸின் முகம் குளிரிலும் தீயாக எரிந்தது. இன்னொரு தடவை எல்லார் கண்ணெதிரிலும் அந்தப் பனியில் இறங்க அவளால் முடியவில்லை. இடது பக்கம் சங்கிலி இருந்தது. "போங்க, போங்க" என்று கையை வீசினாள். அதற்கடுத்த வண்டியையும் அப்படியே விட்டாள், அதற்கடுத்ததையும். மனம் முழுக்க ஏற்றிவிடப்பட்ட அந்தக் கண்ணாடியிலேயே நின்றது. ராத்திரி மன்னிப்புக் கேட்க வேண்டும், சூப்பை நாமே வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசை பாதிகூடக் குறையவில்லை. ட்யூயியின் ரேடியோ கரகரத்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று கட்டையை இறக்கிப் பூட்டினான்.

"இறக்கத்துல ரெண்டு லாரி மோதிக்கிச்சாம். ரோட்டை மூடச் சொல்லிட்டாங்க."

"எந்த லாரி?"

அவன் அவளைப் பார்க்காமல் பதில் சொன்னான். "முன்னாடி போனது பச்சை. பின்னாடி வந்த சிவப்பு வழுக்கிப் போய் அதைப் பாறையோட சேத்து நசுக்கிடுச்சாம். ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கு. பயப்படாத, உயிர் இருக்கு."

மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ட்யூயிதான் சாலைத் துறை வண்டியில் அழைத்துப் போனான். பனி ஒதுக்கும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. வளைவில் சிவப்பு லாரி கவிழ்ந்து கிடந்ததை அவள் பார்த்தாள். வானத்தைப் பார்த்திருந்த வலது பக்கச் சக்கரங்களில் ஒரு கண்ணி இரும்புகூட இல்லை. வெறும் ரப்பர் வழவழவென்று தெரிந்தது.

ட்யூயியும் பார்த்தான். கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்த ஆளு ரெண்டு பக்கமும் மாட்டியிருந்தேன், வழியில அறுந்து விழுந்திருச்சுன்னு சொல்றானாம். நீயும் ரெண்டு பக்கமும் பாத்தேன்னு சொல்லிடு. கதை முடிஞ்சுது. நான் வாயே திறக்க மாட்டேன்."



வெர்லின் கட்டிலில் வெளிறிப்போய்க் கிடந்தான். நசுங்கியது வீங்கின கால் இல்லை, நல்ல கால். இனி லாரி ஓட்டுவது சந்தேகம்தான் என்று டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார். அவளைப் பார்த்ததும் அவன் கையை நீட்டினான். மத்தியானக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்தபோது அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அழாத. அதான் பிழைச்சுக் கிடக்கேன்ல."

நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மரியாதையான ஆள். "மன்னிக்கணும்மா, இப்பவே கேக்க வேண்டியிருக்கு. அந்தச் சிவப்பு லாரி உங்க சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கு. வலது பக்கம் செயின் இருந்துதான்னு பாத்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வெர்லின் முந்திக்கொண்டான். வலியிலும் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. "சார், இவளைப் போயா கேக்கறீங்க? கட்டின புருஷன் லாரியவே இடுப்பளவு பனியில இறங்கிச் சுத்திப் பாத்தவ சார் இவ! ஊரே சிரிச்சுது. எனக்குக்கூட மூக்கு மேல கோவம் வந்துச்சு. ஆனா வழி பூரா யோசிச்சேன், அவ செஞ்சதுதான் சரி. இவ பாக்காம விட்டிருக்கவே மாட்டா. அந்தப் பயதான் தாண்டினப்புறம் கழட்டிப் போட்டிருப்பான்."

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். வெர்லினும் பார்த்தான், பெருமையாக. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிற்கும். அவன் முகத்தில் இருக்கும் இந்தப் பெருமையும் நிற்கும்.

"பாக்கல சார்," என்றாள் மார்லிஸ். "வெட்கமா இருந்துச்சு. சும்மா கையைக் காட்டி விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்த வண்டிங்களையும் பாக்கல."

போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெர்லினின் கை அவள் கைக்குள்ளேயேதான் இருந்தது, ஆனால் அதில் பிடி இல்லை. அவன் பார்வையைக் கூரைக்குத் திருப்பினான்.

"அப்போ என்னுதை மட்டுந்தான் பாத்தியா?" என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினாள்.