ஆறு மணிச் செய்திக்கு முன்னால்

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு க்ளெக்கின் கடையில் ஏழு ரேடியோக்கள் சேர்ந்தாற்போல் அங்கே வேலை பார்த்தவனின் பெயரைச் சொல்லின.

ரிப்பேர் முடிந்த பெட்டிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே நிலையத்துக்குத் திருப்பி, செய்தி நேரத்தில் சோதித்துப் பார்ப்பது அந்தக் கடை வழக்கம். செய்தி வாசிப்பவரின் குரல் எதில் கரகரக்கிறதோ அதை மட்டும் மறுபடி திறந்தால் போதும். அன்றைக்கென்று பார்த்து ஒன்றுகூடக் கரகரக்கவில்லை. ஏழும் கணீரென்று பேசின.

"செய்திக்கு முன்னால் ஓர் அவசர அறிவிப்பு. ஹல் நகரைச் சேர்ந்தவரும், ஏழு ஆண்டுகளாக இருப்பிடம் தெரியாதவருமான வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்டு, எங்கிருந்தாலும் உடனே அந்நகரின் மருத்துவமனைக்கு வரவும். அங்கே அவருடைய தாயார் மார்த்தா ஓல்ட்ராய்டு அபாயமான நிலையில் இருக்கிறார்."

அவ்வளவுதான். அந்த மாதிரி அறிவிப்பை ஒரே தடவைதான் சொல்வார்கள். கேட்டால் கேட்டது, விட்டால் விட்டது.

"இவனெல்லாம் ஒரு புள்ளயா?" என்றார் க்ளெக், கல்லாவைப் பூட்டிக்கொண்டே. "ஏழு வருசமா பெத்தவ இருக்காளா செத்தாளான்னு பாக்காதவன! கட்டி வச்சு ஒதைக்கணும். ஏம்ப்பா ஸ்டான், உனக்கென்ன, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு?"

"மத்தியானம் தின்ன மீன் சரியில்ல, முதலாளி."

ராச்டேல் ஊருக்கு அவன் ஸ்டான்லி கார்சைடு. கைராசிக்கார ரேடியோ ரிப்பேர்காரன், அதிகம் பேசாதவன். வில்ஃப்ரெட் என்று ஒருவன் அவனுக்குள் ஒளிந்திருப்பது ஐந்து வருடமாகக் குடும்பம் நடத்தும் மேவிஸுக்கே தெரியாது. நாற்பத்து நான்கில், உலகப் போரில், நார்மண்டியில் பதினோரு நாள் சண்டை போட்டுத் தோளில் காயத்தோடு திரும்பியவன் அந்த வில்ஃப்ரெட். காயம் ஆறியதும் திரும்பி வா என்றார்கள். ரயிலடி வரைக்கும் போனான், ஏறவில்லை. அவன் தங்கிய விடுதியில் குண்டு விழுந்து ஒருவன் செத்தான். செத்தவனுடைய அடையாள அட்டை இவன் பைக்கு வந்தது. பட்டாளத்தை விட்டு ஓடியவனுக்கு இன்றுவரை மன்னிப்பு கிடையாது, பிடித்தால் ஜெயில். செத்தவன் பேரில் செய்த கல்யாணத்துக்கு எத்தனை வருடம் போடுவார்கள் என்று அவன் யாரையும் கேட்டதில்லை. தேள் கொட்டின திருடன் எங்கே போய்க் கத்துவான்?

வீட்டுக்கு நடக்கும்போது அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அம்மாவை அவனுக்குத் தெரியும். நாக்கைக் கடித்துத் துப்பினாலும் துப்புவாளே தவிர, மகன் பெயரைப் போலீஸ் காதில் விழும்படி சொல்ல மாட்டாள். அப்படியானால் இது பொறி. பொறி இல்லாவிட்டால், அவள் நிஜமாகவே சாகக் கிடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி யாரோ நல்லது செய்வதாக நினைத்து ரேடியோவுக்குச் சொல்லிவிட்டாள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியபோது அவன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேவிஸும் கேட்டிருந்தாள். மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பலகாரத்தைத் தட்டில் வெட்டி வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அந்தக் கெழவிய நெனச்சா மனசு ஆறல, ஸ்டான். வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பா, பாவம். அவன் போவானா?"

"செத்திருப்பான்."

"செத்தவன எதுக்கு ரேடியோல கூப்புடறாங்க? எங்கயோ குத்துக்கல்லாட்டம் இருக்கான். வெக்கங்கெட்டவன். என்ன, நீ சாப்பிடவே இல்ல?"

இரவு ஒலிபரப்பு முடியும்போது அறிவிப்பாளர் எல்லோருக்கும் குட் நைட் சொல்வார். தினமும் ஸ்டான் பெட்டியைப் பார்த்து, "குட் நைட் சார், படி இருக்கு, பாத்து எறங்குங்க" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அணைப்பான். மேவிஸும் தினமும் சிரிப்பாள். அது அவன் சொந்தச் சரக்கு இல்லை. ஹல்லில், ஒரே ஜோடிக் காதுக் குழாயைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் காதில் வைத்துக்கொண்டு அம்மாவும் அவனும் ரேடியோ கேட்ட காலத்தில் அம்மா சொன்னது. அவ்வளவு தூரம் கேட்கப் பேசுகிறவர் உயரமான மாடியில்தான் நின்றாக வேண்டும் என்பது அவள் கணக்கு. அன்றைக்கு அவர் குட் நைட் சொல்வதற்குள் ஸ்டான் குமிழைத் திருகி அணைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன வேலையைக்கூட அவனால் ஒழுங்காக முடிக்க முடியவில்லை. கடைக் கதவின் மணி அடித்தபோதெல்லாம் கை நின்றது. அன்று மணி முப்பது தடவைக்குக் குறையாமல் அடித்தது, ஏனென்றால் ஊரே டெலிவிஷன் பைத்தியம் பிடித்து அலைந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஹோம் மோஸ் மலைமேல் நட்ட ஒளிபரப்புக் கம்பத்திலிருந்து வடக்குச் சீமைக்கும் படம் வரப்போகிறது. சர்க்கரைக்கு ரேஷன், கறிக்கு ரேஷன், ஆனாலும் கூரைக்குக் கூரை ஏரியல் முளைத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை க்ளெக் அவனை அனுப்பிய கூரை, போலீஸ் சார்ஜண்ட் ஹாவொர்த்துடைய கூரை.

மடியில் கனம் இருப்பவனுக்கு வழியில் பயம் என்பார்கள். இவனுக்கோ பயமே ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது. ஸ்டான் புகைபோக்கியோடு ஏரியலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். சார்ஜண்டுக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது.

"திங்கக்கெழம ரேடியோல ஒரு பேரு சொன்னாங்களே, கேட்டியா? ஓல்ட்ராய்டு."

"கவனிக்கல சார்."

"எங்க பட்டியல்ல இருக்கறவன்ப்பா. பட்டாளத்த விட்டு ஓடுனவன். ஹல்ல ஆஸ்பத்திரிக்குள்ளயே ஆளப் போட்டாச்சு. அம்மாவப் பாக்க வந்தான்னா அமுக்க வேண்டியதுதான்."

ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. ஓட்டுக்கு ஓடு தாவி உருண்டு, சார்ஜண்டின் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"அடப்பாவி! என் தலைக்குத்தான் குறி வச்சியா?" சார்ஜண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒசரம்னா பயமா உனக்கு?"

"ஆமா சார்," என்றான் ஸ்டான். அன்று பிற்பகல் அவன் ஹல்லுக்குப் போவதாகத்தான் இருந்தது. காலையிலேயே க்ளெக்கிடம் பல்வலி என்று சொல்லி வைத்திருந்தான். ஏணியிலிருந்து இறங்கி நேரே கடைக்குத் திரும்பி, பல்வலி போய்விட்டது என்றான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அங்கே தாய் சாகிறாள், இங்கே பிள்ளை தோல் தப்பினால் போதும் என்று கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை டீயை ஊற்றிக்கொண்டே மேவிஸ் சொன்னாள். "நான் ஒண்ணு செஞ்சிட்டேன். திட்டக் கூடாது."

"என்ன?"

"செவ்வாக்கெழமையே அந்தக் கெழவிக்கு ஒரு கடிதாசி போட்டேன். புள்ள வராட்டியும் ரெண்டு வார்த்த ஆறுதலா இருக்கட்டுமேன்னு. உன்னப் பத்தியும் எழுதுனேன்."

"என்னப் பத்தி எழுத என்ன இருக்கு?"

"ஏன் இல்ல? அந்த அறிவிப்பக் கேட்டதுலேருந்து எம் புருசனுக்கு வாயில சோறு எறங்கல, அம்புட்டு எளகுன மனசுன்னு எழுதுனேன். ரேடியோக்காரருக்கே தெனமும் 'படி இருக்கு, பாத்து எறங்குங்க'ன்னு சொல்ற ஆளு, அன்னைக்கு அதக்கூடச் சொல்லலன்னு எழுதுனேன். கெழவி ஒரு தடவ சிரிக்கட்டுமே."

"நம்ம வெலாசம் போட்டியா?"

"வெலாசம் போடாமயா கடிதாசி எழுதுவாங்க? நல்லா கேட்டியே."

 ஸ்டான் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தான். அம்மாவின் தலைமாட்டில் போலீஸ், கட்டிலருகே மேசையில் இந்த வீட்டு விலாசம். அன்று இரவெல்லாம் தெருவில் எந்த வண்டி நின்றாலும் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை க்ளெக் கடையின் கண்ணாடி ஜன்னலில் டெலிவிஷன் வைத்தார்கள். தெரு அடைத்துக்கொண்டு கூட்டம். படம் நடுங்கினால் பின்னாலிருந்து திருகிச் சரிசெய்ய வேண்டிய ஆள் ஸ்டான். அதனால் ஊரே பார்த்த படத்தை அவன் மட்டும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து அவன் பார்த்ததெல்லாம் முகங்கள். கண்ணாடிக்கு வெளியே நீல வெளிச்சம் அடித்த நூறு முகங்கள், வாயைப் பிளந்துகொண்டு, அத்தனையும் அவன் பக்கமே பார்த்தன. மூன்றாவது வரிசையில் சார்ஜண்ட் ஹாவொர்த்தின் முகமும் இருந்தது. அவர் கையை நீட்டி எதையோ காட்டிப் பக்கத்து ஆளிடம் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனுக்கு வெளிச்சமும் பேயாக இருந்தது. இப்போது பெட்டியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து அவன் பெயரையும் சொல்லி, அவன் முகத்தையும் காட்டப்போகிறாள் என்று அவன் நிச்சயமாக நம்பினான். கூட்டம் கைதட்டியபோது பெட்டிக்குப் பின்னால் இன்னும் தாழக் குனிந்துகொண்டான்.

சனிக்கிழமை காலைத் தபாலில் கடிதம் வந்தது. மேவிஸ் வெண்ணெய்க் கத்தியால் உறையைக் கிழித்து உரக்கப் படித்தாள்.

"அன்புள்ள திருமதி கார்சைடு, வார்டின் தலைமை நர்ஸ் எழுதுகிறேன். அறிவிப்புக்குப் பின் நோயாளிக்கு வந்த ஒரே கடிதம் உங்களுடையது. உங்கள் கணவரின் வேடிக்கைப் பேச்சை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். சிரித்தார், அழுதார், பிறகு இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். தன் மகன் போரிலேயே இறந்துவிட்டான், இனித் தேட வேண்டாம் என்று இங்குள்ள காவலரிடம் சொல்லிவிட்டார். நாட்கள் அதிகமில்லை என்கிறார் மருத்துவர். கீழே உள்ளது அவர் சொல்லச் சொல்ல எழுதியது: 'உன் வீட்டுக்காரன் மனசு எளகிப்போயி என்னப் பாக்கக் கெளம்பிராம பாத்துக்கோ தாயி. இங்க வாசல்லயே ஒரு போலீஸ்காரன் உக்காந்து எனக்கு வர்ற திராட்சைய எல்லாம் திங்கறான். உன் வீட்டுக்காரன நல்லா சாப்பிடச் சொல்லு. எனக்கு இப்ப ஒரு கொறையும் இல்ல. படி இருக்கு, பாத்து நடக்கச் சொல்லு.'"

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, சாகற நேரத்துலயும் எப்படி கேலி பண்றா! உனக்குப் போயி..." அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டான் மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய் விட்டு அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான ஐந்து வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"அது எங்கம்மா, மேவிஸ்," என்றான். "எம் பேரு ஸ்டான்லி இல்ல."

எல்லாவற்றையும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஏழு வருடம் பயந்து பயந்து மூடியது கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது. மேவிஸ் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். 

"அப்ப நான் யாரு பொண்டாட்டி?" என்றாள் கடைசியில். "குண்டு விழுந்து செத்தவனுக்கா?"

"எனக்குத்தான்."

"வெக்கங்கெட்டவன்னு நான் திங்கக்கெழம சொன்னப்ப வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தியே."

"நீ சொன்னது நெசந்தான."

அவள் எழுந்து, தட்டுகளைத் தடதடவென்று தொட்டியில் போட்டாள். ஒன்று உடைந்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "ஹல்லுக்கு ரயில் எத்தன மணிக்கு?"

"வர வேணாம்னு அம்மாவே சொல்லிருக்கா. போனா என்னப் புடிச்சிருவாங்க, மேவிஸ். எனக்குப் பயமா இருக்கு."

"பயமா இருக்கும். இல்லாம என்ன? எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

"பத்தே கால்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு தொப்பியைத் தேடினாள். அவனுக்குப் புரியவில்லை. "நீ எதுக்கு?"

"கடிதாசி போட்டவ நான். மாமியார ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா? ஹல் போய்ச் சேர்ற வரைக்கும் உன்னத் திட்டவும் வேண்டியிருக்கு."

சொன்னபடி திட்டினாள். லீட்ஸ் தாண்டிய பிறகுதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை ஈரமாக இருந்தது.

வார்டு வாசல் பெஞ்சில் நிஜமாகவே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மடியில் ஒரு காகிதப் பை, பையில் திராட்சை. "யாரப் பாக்கணும்?" என்றார்.

"ஓல்ட்ராய்டு அம்மாவ."

"நீ யாரு அவங்களுக்கு?"

கார்சைடின் அடையாள அட்டை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. கடிதம் போட்ட பெண்ணின் புருஷன் என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. அம்மா அவனுக்காகத் திறந்து வைத்த வழி அது. மேவிஸ் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.  கால் இரண்டும் ஓடு ஓடு என்றன.

"மகன்," என்றான். "வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்டு."

போலீஸ்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவனை மேலும் கீழும் பார்த்தார், மேவிஸைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"நாலு மணி வரைக்கும் பாக்கலாம்," என்றார். "நாலு மணிக்கு நான் எந்திரிப்பேன். ஓடிர மாட்டியே?"

"ஓட மாட்டேன் சார்."

அம்மா இத்தனூண்டாகச் சுருங்கியிருந்தாள். அவன் கட்டில் பக்கம் வந்ததும் கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, "வராதன்னுதானடா எழுதச் சொன்னேன், கழுத," என்றாள். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நான்கு மணி வரைக்கும் விடவில்லை. மேவிஸ் திராட்சையை ஒவ்வொன்றாகத் தோலுரித்து அவள் வாயில் வைத்தாள். இரண்டு மணி நேரமும் அவன் பயம் போகவில்லை. கடிகாரத்தில் ஒவ்வொரு நிமிடமாக அவனோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

நான்கு அடித்தது. வாசலில் பெஞ்ச் கிறீச்சிட்டது. அவன் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். பின்னாலிருந்து அவள் குரல், அந்த உடம்பில் எங்கே இருந்ததோ, வார்டு முழுக்கக் கேட்டது.

"வில்ஃப்! படி இருக்கு, பாத்து எறங்கு!"

இரண்டே படிகள்தான். ஒரு பக்கம் மேவிஸும் மறுபக்கம் போலீஸ்காரரும் வர, அவன் பார்த்து இறங்கினான்.