குழாய்ச் சத்தம்

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மூன்றாம் மாடி மௌனசாமி தன் மனைவிக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

"தெரிஞ்சவரு எதுக்குங்க கேக்குறீங்க?"

இதற்கு மேல் அவரால் வாதாட முடியவில்லை. குடியிருப்பில் 'டெலிபோன் அம்மா' என்று பெயர் வாங்கிய அவர் மனைவி முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். எந்தக் கேள்வி வந்தாலும் 'தெரியாது' என்று மட்டும் சொல்லிப் பழகாதவர். ஒரு வருஷமாகக் கிழமையும் தேதியும் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தாலும், குரலில் மட்டும் அந்தப் பழைய மிடுக்கு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

மௌனசாமி என்பதும் குடியிருப்பு வைத்த பெயர்தான். அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு. தீபாவளி பொங்கல் என்று பாராமல் எல்லா நாளும் அதே தலையசைப்பு. பேச்சு முழுவதும் அந்தம்மாவின் இலாகா. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வாய்னு கடவுள் சிக்கனமா படைச்சுட்டான்" என்பாள் இரண்டாம் மாடித் தையற்காரி. அந்த ஒரே வாய் இந்த வருஷம் திடீரென்று ஐயாவிடம் இடம் மாறியதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். காய் வண்டிக்காரனிடம் அவர் பேசுகிறார். வாசலில் யார் கூப்பிட்டாலும் முந்திக்கொண்டு வருகிறார். அந்தம்மாவிடம் ஒன்று கேட்டால் பதில் அவர் வாயிலிருந்து வருகிறது. போதாக்குறைக்கு, மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் நாளுக்குப் பத்து தடவை திறக்கிறது. "சுத்தம் சோறு போடும்பாங்க. இவங்க சுத்தம் தொட்டியையே காலி பண்ணிடும் போல" என்று தையல் இயந்திரத்தை மிதித்தபடியே அவள் கணக்கு வைத்திருந்தாள்.

பரீட்சைக்குக் காரணம் வெளியூரில் இருக்கும் மகள். "அம்மாவுக்கு முடியலைன்னு அந்த ஆலோசகரம்மா எழுதிக் குடுத்தா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்பா. என் வீட்ல ஒரு கட்டிலுக்குத்தான் இடம். நீங்க அப்பப்ப வந்து பாருங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். மகளும் கெட்டவள் இல்லை; சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள். ஆனால் 'அப்பப்ப' என்ற சொல் அவருக்கு மூன்று நாளாகத் தொண்டையில் நின்றது. நாற்பத்தாறு வருஷம் அவருக்குத் தெரிந்தது 'எப்பவும்' ஒன்றுதான்.

முதியோர் நல மையத்து ஆலோசகர் மூன்றாவது புதன்கிழமையாகப் பத்து மணிக்குச் சரியாக வந்தாள். முப்பது வயதுப் பெண். வேறு சாமி, வேறு சாப்பாடு, வேறு வீட்டு வழக்கம். பல தரப்பட்ட பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மையத்தில் ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். இந்த மாதிரி வீடுகளில் செருப்பை வெளியே விடவும். கொடுக்கும் பானத்தை மறுக்காதீர்கள். வயதான ஆண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டாம். பெண்கள் கணவர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். பாவம், ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தாள். இது அன்றைக்கு மூன்றாவது வீடு. ஏற்கெனவே நாலு டம்ளர் டீ உள்ளே போயிருந்தது. மௌனசாமியின் முகத்தைப் பார்க்காமல் இடது தோளைப் பார்த்தே பேசினாள். அவரோ முதல் வாரம் முழுக்கச் சட்டையில் ஏதோ கறை என்று நினைத்து, இரண்டாம் வாரத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

"அம்மா, ராத்திரி நல்லா தூங்குறீங்களா?"

"நல்லா தூங்குறா" என்றார் அவர்.

"காலைல என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"ரெண்டு ரொட்டி. பால்."

டெலிபோன் அம்மா இதை ஒரு சுவாரசியமான நாடகம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் நோட்டில் எழுதினாள். அச்செழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழகிய மனுஷருக்கு எதிரே இருப்பவர் எழுதுவதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 'கணவர் மனைவியைப் பேச விடுவதில்லை. ஆதிக்கம்?' என்று இருந்தது. 'ஆதிக்கம்' என்பதில் முதல் க-வுக்கு மேல் புள்ளி விட்டுப்போயிருந்தது. தொழில் புத்தி, அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அர்த்தம் பிறகுதான் உறைத்தது.

"ஐயா, இன்னிக்கு அம்மாகூட நான் தனியா பேசணும். கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றாள் அவள், தோளைப் பார்த்து.

சொந்த வீட்டிலிருந்து அவரை யாரும் வெளியே அனுப்பியதில்லை. நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழிருந்து தையற்காரி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க பெரியவரே, வெளிய நிக்கிறீங்க? அக்கா துரத்திட்டாங்களா?"

அவர் தலையசைத்தார். உள்ளே மனைவியின் குரல் கணீரென்று கேட்டது. ஒரு தடவை சிரிப்புச் சத்தம்கூட. கம்பியில் உரிந்து நின்ற பெயிண்டை அவர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு சாண் நீளத்துக்கு வெறும் இரும்பாக்கிவிட்டார்.

கதவு திறந்தது. ஆலோசகர் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும். பரீட்சை முடிவு தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நாளா ஐயா?"

"ஒரு வருஷம் இருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுதிடாதீங்கம்மா. எம்பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடுவா. நீங்க என்னை ஆதிக்கம்னே எழுதிக்கங்க. எனக்கு ஒண்ணும் பரவாயில்ல."

அவளுக்குக் காது சிவந்தது. நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கையேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை போலும்.

"உள்ள வாங்க ஐயா" என்றாள் கடைசியில்.

மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் நோட்டை மூடி மடியில் கவிழ்த்தாள்.

"அம்மாவைப் பத்தி மூணு வாரமா கேட்டுட்டேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

மௌனசாமி வாயைத் திறந்தார். மனைவியின் தூக்கம், சாப்பாடு, மாத்திரை, கால்வலி எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். இந்தக் கேள்வியைப் பாடத்தில் சேர்க்கவே இல்லை. நாற்பத்தாறு வருஷப் பழக்கம், தன்னையறியாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"அவரை ஏம்மா கேக்குற? அவருக்குச் சொல்லத் தெரியாது" என்றார் டெலிபோன் அம்மா, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "இவரு தூங்குறதே இல்ல. நான் கதவத் தொறந்துட்டு எங்கயாவது போயிடுவேனாம். வாசப்படிக்குக் குறுக்க நாற்காலியப் போட்டு உக்காந்திருக்காரு. எனக்கு ரெண்டு ரொட்டி வச்சா தனக்கு அரை ரொட்டி. கேட்டா பசிக்கலையாம்."

"ஏய்" என்றார் அவர் மெதுவாக.

"சும்மா இருங்க. அப்புறம் குளியலறைக்குப் போவாரு. குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுவாரு. தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. முப்பத்தொரு வருஷம் காதுல கருவியை மாட்டிட்டு உக்காந்தவ நான். எரைச்சலுக்கு அடியில யாரு பேசுறான்னு எனக்குத் தெரியாதா?"

ஐந்தாவது டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"ஏன்மா அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா, அழுறதுக்கு அவருக்கு வேற எடம் ஏது?" என்ற அந்தம்மா, சட்டென்று ஆலோசகரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு கண்ணு?"

ஆலோசகர் சொன்னாள். மூன்றாவது தடவையாக, முதல் தடவை போலவே.

"உங்க பொண்ணுகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் ஐயா" என்றாள் பிறகு, அவர் கண்ணைப் பார்த்து. "ஆனா இப்ப கேட்டதையும் சேத்துத்தான் சொல்லுவேன். பகல்ல வந்து கூட இருக்க ஆள் கெடைக்குமான்னு மையத்துல கேக்குறேன். உங்க பொண்ணு என்ன முடிவு பண்ணுவாங்களோ, எனக்குத் தெரியல."

அவர் தலையசைத்தார். முகம் ஒரு மாதிரி கோணியது. வழக்கம் போலக் குளியலறைப் பக்கம் எழுந்தார். டெலிபோன் அம்மாவின் கை எட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்தது.

"உக்காருங்க. தண்ணி வீணாகுது."

அவர் உட்கார்ந்தார்.

கீழே தையற்காரி மிதியை நிறுத்திக் காதைத் தீட்டினாள். பதினொன்றாகப் போகிறது, இந்நேரம் மேல்வீட்டுக் குழாய் இரண்டு தடவையாவது ஓடியிருக்க வேண்டும். சத்தமே இல்லை. தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டதோ என்று எழுந்து போய்த் தன் வீட்டுக் குழாயைத் திருகிப் பார்த்தாள்.

தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.